ஜப்பான் பேசும் ஜீப்பும் பதினான்கு வேலை நாட்களும்

“எழுத்துமூலம் கிடைக்கும் எந்த முறைப்பாட்டுக்கும் பதினான்கு வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் பதிலளிக்கப்படும்.” வாகனத்தோடு தந்த உத்தரவாதப் புத்தகத்தின் ஒன்பதாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இது. என் விடயத்தில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய விதி. முப்பத்துநான்கு வருடம் அரச கந்தோர்களில் இருந்து இப்படியான வசனங்களை நானே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். எவரும் அதன்படி நடந்ததாக நினைவில்லை. அப்படியிருந்தும் இதை நம்பினேன். வாகனத்தின் மேல் எனக்கிருந்த மயக்கம் அப்படி.

விற்றவர் அதை ‘ஹைபிரிட் எஸ்.யூ.வி.’ என்றார். நானும் மனைவியும் ஜீப் என்றே சொல்வோம். பாதி பெற்றோலில் ஓடும், பாதி பற்றரியில் ஓடும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மலை, மணல், சேறு என்று படம் போட்ட திருகு ஒன்று கியருக்குப் பக்கத்தில் இருந்தது. ஜப்பானில் யாரோ ஒருவர் சில வருடம் ஓட்டிக் களைத்ததை, இறக்குமதித் தடை நீங்கிய கையோடு கப்பலில் ஏற்றி வந்திருந்தார்கள். விலையைச் சொல்ல மாட்டேன். மனைவிக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருக்கும் அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு மலையேறும் ஜீப் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எல்லாரும் கேட்டார்கள். இதற்கும் ஒரு விதிதான் காரணம்.

சேவையில் இருந்த காலத்தில் எனக்கு அரச ஜீப் ஒன்று இருந்தது. அரச வாகனத்தில் உத்தியோகத்தரின் குடும்பத்தினரை ஏற்றலாகாது. நான் ஏற்றவில்லை. ஒருநாள் கடும் மழை. பள்ளிக்கூடம் விட்டு, காலி வீதிப் பஸ் தரிப்பில் மனைவி நனைந்துகொண்டு நிற்கிறாள். அவள் அப்போது இளம் ஆசிரியை, எங்களுக்குக் கலியாணமாகி ஆறு மாதம். நான் ஜீப்பை நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கினேன், என் குடையை நீட்டினேன், போய்விட்டேன். குடை என் சொந்தக் குடை. ஆகவே விதி எதுவும் மீறப்படவில்லை.

இந்தக் கதையை அவள் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வருகிறாள். கலியாண வீடுகளில் சொல்வாள். செத்த வீடுகளில்கூட, அழுகை ஓய்ந்து தேத்தண்ணி வரும் நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

மாத்தளைக்கு மேலே எங்கள் திணைக்களத்துக்கு ஒரு சுற்றுலா விடுதி உண்டு. உத்தியோகத்தர்கள் மலைப்பக்கம் கடமைக்குப் போனால் தங்குவதற்கு வெள்ளைக்காரன் கட்டியது. கடைசி நாலு மைல் ஜீப் மட்டுமே போகும் பாதை. வருடத்துக்கு இரண்டு தரம் நான் அங்கே போய் வந்து, பனியையும் ஓடையையும் பற்றி அவளுக்கு விரிவாகச் சொல்வேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வாகனம் வாங்கும் பேச்சு வந்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“அந்த பங்களாவுக்கு. ஜீப்பில. முன்சீற்றில. என்ர முழங்கால் ஒப்பரேசனுக்கு முதல்.”

முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு காலம் மலைப்பாதையில் குலுங்க முடியாது என்பதை வைத்தியர் சரியாகச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் விடுதியில் இரண்டு இரவு தங்குவதற்கு உரித்துண்டு. படிவத்தை மூன்று பிரதியில் நிரப்பிக் கொடுத்து, சிகிச்சைக்கு முந்திய வெள்ளியையும் சனியையும் பதிவுசெய்தேன்.

வாகனம் வீட்டுக்கு வந்த அன்றே அதன் நன்மை தீமைகள் வரிசையில் வந்து நின்றன. நிலவறைத் தரிப்பிடத்தின் வாசலில் ஒரு கொங்கிரீற்று வளை. அதைவிட ஜீப் நாலு விரல் உயரம். மூன்றாம் மாடியில் இருக்கும் ஹாஜியார் சிரித்துக்கொண்டே தரைத்தளத்திலிருந்த தன் இடத்தை எனக்கு மாற்றித் தந்தார். ஒரு தாளில் அவருடைய கையொப்பத்தை வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

“சேர், நான் எடத்தத் தாரேன், நீங்க எனக்குப் பேப்பரத் தாரீங்க. கபுருக்குப் போறப்பயும் ஒங்ககிட்ட சைன் வெச்சிட்டுத்தான் போகணும் போல,” என்றார்.

படி உயரமோ இன்னொரு கதை. சேலையும் முழங்காலுமாக மனைவியால் ஏற முடியவில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் ஸ்ரூல் வாங்கினோம். அதை வைத்து ஏறுவாள், நான் அதை எடுத்துப் பின்னால் போடுவேன், இறங்கும் இடத்தில் ஓடிப்போய் மறுபடி வைப்பேன். இவ்வளவு விலையான வாகனத்தில் ஓட்டுநர் வேலையும் ஸ்ரூல் தூக்கும் வேலையும் ஒருவனுக்கே.

ஏறிவிட்டால் அவளை இறக்க முடியாது. “இஞ்சேருங்கோ, மதிலுக்கு மேலால எல்லாம் தெரியுது. அந்த வீட்டில மாமரம் இருக்கிறது இவ்வளவு நாளும் தெரியாதே,” என்பாள். முப்பத்தைந்து வருடமாக இருக்கும் ஒழுங்கையை அவள் அந்த வாரம்தான் பார்த்தாள். மழைக்குக் கால்வாய்ப் பக்கம் வெள்ளம் நின்ற நாளில், மற்றவர்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்க, நாங்கள் மூன்று தரம் தேவையில்லாமல் அதற்குள்ளால் போய் வந்தோம். மூன்றாம் தரம் அவள் கையசைத்தாள்.

பெற்றோல் முள் அசைய மறுத்தது. எரிபொருள் நிலையத்து ஊழியர் எங்களை மறந்தே போனார். ஆனால் பற்றரியில் ஓடும்போது வாகனம் பூனைமாதிரி வரும். ஒழுங்கையில் நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் நாங்கள் வருவது தெரியாது. ஹோர்ன் அடித்தால் துள்ளி விழுந்து திட்டுவார்கள். ஆகையால் கண்ணாடியை இறக்கி, “கொஞ்சம் விலத்துங்கோ,” என்று வாயால் சொல்லிக்கொண்டு போவோம்.

இவ்வளவும் முதல் வாரத்துச் சங்கதி. அந்த வெள்ளிக்கிழமை வாகனத்துக்குப் பூசை செய்விக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மனைவி அங்கேதான் பிறந்து வளர்ந்தவள். வெள்ளவத்தையில் எத்தனை கோயில் இருந்தாலும், கொட்டாஞ்சேனைப் பிள்ளையாருக்குச் சொல்லாத காரியத்தை அவள் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள்.

ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு தள்ளி நின்று கையைக் காட்டினார்.

“ஸ்ராட் பண்ணுங்கோ.”

“ஸ்ராட்டிலதான் நிக்குது ஐயா.”

“சத்தத்தைக் காணேல்லையே?”

“சத்தம் வராது.”

“சத்தம் வராமல் என்னெண்டு போகும்?”

நான் பிறேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஜீப் நழுவியது. சதக், சதக் என்று நாலு பழமும் உடைந்த சத்தம் மட்டும் தெருவில் கேட்டது. கைவண்டி தள்ளிக்கொண்டு போன ஒருவர் வண்டியை விட்டுவிட்டுக் கும்பிட்டார். ஐயர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கொஞ்சம் கூடவே பாதுகாப்பு வேணும்,” என்று, பச்சைமிளகாயும் எலுமிச்சம்பழமும் கோத்த கயிறு ஒன்றை முன்பக்கம் கட்டுவதற்குத் தந்தார். கண்ணூறு வராமல் இருக்கக் கட்டுவது. நட்டநடுவில் கட்ட வேண்டும் என்றாள் மனைவி. சாண் வைத்து அளந்து, கம்பனியின் சின்னம் பதித்த இடம்தான் நட்டநடு என்று கண்டுபிடித்து, ஒரு விரலும் பிசகாமல் நானே கட்டினேன்.

திரும்பி வரும் வழியில் தொடங்கியது. டிங், டிங், டிங் என்று மணி. ஓட்டுபவர் பார்க்கும் திரையில் செம்மஞ்சள் நிறத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி. அதோடு ஒரு பெண்குரல், மிகவும் மரியாதையாக, ஜப்பான் மொழியில் ஒரு வசனம் சொன்னது. நான் ஓட்டிக்கொண்டே போனேன். ஐந்து நிமிடத்தில் அதே வசனத்தை அதே மரியாதையோடு திரும்பவும் சொன்னது.

தமிழ் என் தாய்மொழி. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அரசகரும மொழிப் பரீட்சை சித்தியடைந்து சம்பள ஏற்றம் பெற்றவன். மூன்று மொழியும் உதவாத இடத்தில் இப்போது வந்து மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வாகனத்தை விற்றவர்களின் கராஜுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. அழுக்கோடு கையளிப்பது முறையல்ல என்று கழுவித் துடைத்தேன். கோயில் பழத்தில் கராஜ்காரரின் எண்ணெய்க் கை படக்கூடாது என்று மனைவி கயிற்றை அவிழ்த்துச் சாமித்தட்டில் வைத்தாள். கராஜில் இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தார்கள். மணியும் இல்லை, குரலும் இல்லை. குறை எதுவுமில்லை என்று எழுதித் தந்தார்கள். “ஜப்பான் வாகனம் என்றால் இடைக்கிடை கதைக்கும் மஹத்தயா,” என்று சிங்களத்தில் ஆறுதலும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி பழத்தைத் திரும்பக் கட்டினாள். மறுநாள் காலை டிங், டிங், டிங்.

வாகனத்துக்கு ஏதோ தோஷம் என்று அவள் தீர்மானித்தாள். அடுத்த வெள்ளி ஒரு பழத்துக்குப் பதிலாக மூன்று பழம் கட்டினாள். மணி அதிகமாகியது. அதற்கடுத்த வெள்ளி ஐந்து. இப்போது குரல் மூச்சுவிடாமல் பேசியது.

நான் என் பங்குக்குக் குறிப்புப் புத்தகம் ஒன்று தொடங்கி, மணி அடித்த நேரம், இடம், காலநிலை எல்லாம் பதிந்தேன். மூன்று வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. வெள்ளி, சனியில் கடுமை. செவ்வாயில் தணிவு. வியாழனில் அநேகமாக அமைதி. வெள்ளிக்கிழமை காலை பழம் புதிதாகக் கட்டுகிறோம், வியாழன் ஆகும்போது அது காய்ந்து சுருங்கிவிடுகிறது என்பதெல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. அதற்கு நான் நிரல் போடவில்லை.

ஹாஜியாரிடம் குறிப்பைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.

“வெள்ளிக்கெழம பாத்துச் சத்தம் போடுதா? அப்ப இது எங்கட ஆளு சேர். ஜும்ஆவுக்குப் போகணும்னு கூப்புடுது. என்னய ஏத்திட்டுப் போங்க, சும்மா ஈக்கும்.”

பிறகு தன் கைபேசியை எடுத்தார். “இத அந்த எழுத்துக்கு நேரப் புடிச்சாத் தமிழ்ல சொல்லும். பேரப்புள்ள போட்டுத் தந்தீக்கான். புடிக்கவா?”

“கைபேசி சத்தியப்பிரமாணம் செய்திருக்குதா ஹாஜியார்?”

“என்னது?”

உத்தியோகபூர்வமாக மொழிபெயர்ப்புக் கேட்டு எழுதப்போகிறவன், கைபேசியிடம் கேட்டு முதலே தெரிந்துகொண்டால் அவனுடைய கோரிக்கை பலவீனமாகிவிடும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “நீங்க பென்சன்ல வந்தது அரசாங்கத்துக்கு லாபம் சேர்,” என்று சொல்லிவிட்டு லிப்ட்டில் ஏறினார்.

முறைப்பாட்டுக் கடிதம் ஆறு பந்தி. முதல் மூன்றில் சம்பவம். நான்காவதில் கோரிக்கை: வாகனம் கூறும் வசனத்தின் சான்றுப்படுத்தப்பட்ட மொழிபெயர்ப்பைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்துடன் தந்துதவுமாறு. ஐந்தாவதில் ஒன்பதாம் பிரிவை நினைவூட்டினேன். ஆறாவதில், குறை வெள்ளிக்கிழமைகளில் கடுமையாகிறது என்பதை அவதானிக்குமாறு வேண்டினேன். பதிவுத்தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டினேன்.

போயா விடுமுறையையும் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையையும் கழித்துப் பதினான்கு வேலை நாட்களைக் கலண்டரில் எண்ணினேன். கடைசி நாள், நாங்கள் மலைக்குப் புறப்படும் வெள்ளிக்கு முதல்நாள் வியாழக்கிழமை. இதைவிடப் பொருத்தமாக அமைய முடியாது என்று மகிழ்ந்தேன்.

பத்தாம் நாள் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை பேசினார்.

“சேர், உங்கட கடிதம் எங்களிட்ட இருக்கு. ஆனா மூண்டாம் பந்திக்கு மேல ஒருத்தரும் போகேல்லை சேர். சுருக்கமா என்ன பிரச்சினை?”

“சுருக்கம் இரண்டாவது இணைப்பில் இருக்கு.”

“அது நாலு பக்கம் சேர்.”

வியாழக்கிழமை தபால்காரர் வந்தார். மின்சாரப் பட்டியல் தந்துவிட்டுப் போனார்.

வெள்ளி காலை மனைவி பெட்டி கட்டி முடித்து, ஐந்து பழமும் புதிதாகக் கட்டியிருந்தாள். நான் வரவேற்பறையில் கோப்போடு உட்கார்ந்திருந்தேன். குறை இருப்பதாக எழுத்தில் அறிவித்த வாகனத்தை, அறிக்கை கிடைக்கும்வரை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. என் கந்தோரில் இது கல்லில் எழுதிய விதி. எத்தனையோ சாரதிகளுக்கு இதைச் சொல்லி விளக்கம் கோரியிருக்கிறேன்.

“வெளிக்கிடேல்லையோ?” என்றாள்.

“பதில் வரேல்லை.”

“வராட்டி?”

“பதில் வராமல் வாகனத்தை வெளி மாவட்டத்துக்குக் கொண்டுபோகேலாது. விதி.”

“ஆற்ற விதி? நீங்கள் பென்சனில வந்து எட்டு வருசம். ஜீப்பும் உங்கட, சாரதியும் நீங்கள். உங்களுக்கு நீங்களே விளக்கம் கேட்டுக் கடிதம் போடுவியளோ?”

“இஞ்சரும், ஒப்பரேசன் முடிஞ்சு ஆறுதலாப் போகலாம்.”

“அண்டைக்கு ஜீப் இருந்தது, ஏத்த விதியில்லை. இண்டைக்கு ஏத்தலாம், போக விதியில்லை. நல்லது.”

கத்தவில்லை, கதவையும் அடிக்கவில்லை. பெட்டியோடு கீழே போய்விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து நானும் இறங்கினேன். ஜீப்புக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்ரூலை வைத்து, அதில் ஏறி நிற்பதற்குப் பதிலாக அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பை, காலடியில் பெட்டி. ஹாஜியார் சந்தையிலிருந்து மீனோடு வந்துகொண்டிருந்தார்.

“என்ன டீச்சர், பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?”

“ஓம் ஹாஜியார். முப்பத்தைஞ்சு வருசமா நிக்கிறன்.”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். கையில் இருந்த மீனும் என்னைப் பார்த்தது. நான் மேலே போய்ச் சாவியையும், ஒரு யோசனையில் குடையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். குடையைக் கண்டதும் மனைவி சிரித்த சிரிப்பில் அடுக்குமாடிக் காவலாளி ஓடிவந்துவிட்டார்.

அப்படியாக, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அறிக்கை வராத வாகனத்தோடு கொழும்பு மாவட்ட எல்லையைக் கடந்தேன். பொலிசார் யாரும் மறிக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மணி விடாமல் அடித்தது. ஜப்பான்காரி விடாமல் பேசினாள். வரக்காப்பொலையில் மனைவி அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். “ஓமோம், தெரியும் பிள்ளை. இவரிட்டச் சொல்லு, இவர் கடிதம் போடுவார்.” கேகாலையில் முறுக்குப் பையைத் திறந்து, “இந்தா, நீயும் களைச்சிருப்பாய்,” என்று திரைக்கு நேரே நீட்டினாள். மாவனல்லையில் இருவரும் சேர்ந்து என்னைக் குறைசொல்வதுபோல் கேட்டது. கண்டியில் சோறு தின்ன நிறுத்தினோம். ஸ்ரூலை வைத்தேன். கடைக்காரர் ஸ்ரூலைப் பார்த்துவிட்டு, உள்ளே கதிரை இருக்கிறது என்றார்.

மாத்தளை தாண்டித் தார்வீதி முடிந்தது. சிவப்பு மண்ணும் கல்லுமாகப் பாதை மேலே ஏறியது. திருகை மலைப் படத்துக்குத் திருப்பினேன். இதுவரை வெள்ளவத்தையில் நீர்க்குழாய்க்காகத் தோண்டிய கிடங்குகளை மட்டுமே கண்ட ஜீப், நாலு காலாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. நான் அந்தப் பாதையில் எத்தனையோ தரம் போனவன். எப்போதும் சாரதி ஓட்டுவார், நான் கோப்புப் பார்ப்பேன். இப்போது ஸ்ரியரிங் என் கையில். பயத்திலும் சந்தோசத்திலும் என் வாயிலிருந்து என்னென்னவோ சத்தம் வந்தது.

“இடப்பக்கம் பள்ளம்! பாத்து! கல்லு! கல்லைக் காணேல்லையோ? சபாஷ்! அப்பிடித்தான்!” மனைவி இரண்டு கையாலும் மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டு, வகுப்பெடுக்கும் குரலில் கட்டளையிட்டாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முழங்காலைப் பிடித்து “ஐயோ” என்பாள், உடனே “போங்கோ போங்கோ” என்பாள்.

கடைசியில் அந்த ஓடை. பாலம் கிடையாது. கரையில் நிறுத்தினேன். என் அனுபவத்தின்படி சாரதி இறங்கி, தடியால் ஆழம் பார்த்து, என்னிடம் சொல்ல வேண்டும். நான் இறங்கி, குடைக்கம்பால் ஆழம் பார்த்து, எனக்கே சொன்னேன். முழங்காலுக்கும் கீழேதான்.

“குடை கடைசியில ஒருக்காப் பிரயோசனப்பட்டுது,” என்றாள் முன்சீற்றிலிருந்து.

ஜீப்பை ஓடைக்குள் இறக்கினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியது. எதிர்க்கரையில் ஏறும்போது பாதைக்குக் குறுக்கே சாய்ந்திருந்த கொய்யாக் கிளை ஒன்று முன்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால், ஐந்து எலுமிச்சம்பழமும் கயிற்றோடு ஓடையில் மிதந்து, வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

மணி நின்றது. செம்மஞ்சள் வரி மறைந்தது. ஜப்பான்காரி வாய்மூடினாள். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“பாத்தீங்களே?” என்றாள் மனைவி கண்கலங்க. “தோஷத்தைப் பழம் வாங்கிக்கொண்டு போட்டுது. இதுக்குத்தான் கட்டுறது.”

நான் ஜீப்பை மேலே விட்டேன். ஆனால் குறிப்புப் புத்தகத்தில் இல்லாத அந்த நிரல் என் தலைக்குள் தானாகக் கோடு கீறத் தொடங்கியிருந்தது.

ஏற்றம் முடிந்து விடுதி முற்றத்துச் சமதரையில் ஜீப் பற்றரியில் நழுவியது. முன்பெல்லாம் மூன்றாம் வளைவில் அரச ஜீப்பின் சத்தம் கேட்டதும் விடுதிக் காவலர் கேத்திலை அடுப்பில் வைத்து, கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, சட்டைப் பொத்தான் பூட்டி வாசலில் நிற்பார். அதுதான் அந்த விடுதியின் நடைமுறை. இப்போதிருப்பவர் வேறொருவர், மலையகத்துக்காரர். அவர் முற்றத்து வாங்கில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்த சத்தத்தில் துள்ளி எழுந்தார்.

“ஐயா! எப்பங்க வந்தீங்க? வண்டிச் சத்தமே கேக்கலீங்களே! தேத்தண்ணி கூடப் போடலீங்க!”

“சத்தம் வராத வண்டி.”

“இப்படி வந்தா நாங்க எப்படிங்க வேல பாக்குறது?” என்றார் உண்மையான கவலையோடு. நியாயமான ஆட்சேபம். தீமைகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

விருந்தினர் பதிவேட்டின் பழைய புத்தகங்களும் அலுமாரியில் இருந்தன. மனைவி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். என் கையெழுத்து வருடத்துக்கு இரண்டு தரம். பெயர், பதவி, கடமை விபரம். ‘உடன் வந்தோர்’ என்ற நிரலில் ஒவ்வொரு தரமும் ‘எவருமில்லை’ என்று எழுதியிருந்தேன். பிறர் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். நான் எழுதியிருந்தேன். அவள் புதிய புத்தகத்தை இழுத்து, அந்த நிரலில் தன் பெயரைத் தானே எழுதினாள். கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்கும் போனது. நான் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் பனிக்குள் சால்வையைப் போர்த்துக்கொண்டு முற்றத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, நான் ஜீப்பைப் பின்வளவுக்கு எடுத்துச்சென்று ஒரு பரிசோதனை நடத்தினேன். பனியில் நனைந்த என் தொப்பியை முன்சின்னத்தின்மேல் மாட்டிக் கொஞ்சத்தூரம் ஓட்டினேன். டிங், டிங், டிங். எடுத்துவிட்டு ஓட்டினேன். அமைதி. மூன்று தரம் செய்து, விடுதிக் காவலரைச் சாட்சியாக வைத்தேன். அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் வாகனத்தின் கண் இருக்கிறது. முன்னால் என்ன வருகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கண்ணுக்கு நேரே சாண் வைத்து அளந்து பழம் கட்டியவன் நான். கண்ணூறு படாமல் இருக்க வாகனத்தின் கண்ணைக் கட்டி, அது கத்தக் கத்தப் பழத்தைக் கூட்டியிருக்கிறோம்.

“தொப்பியப் பாத்தா வண்டி பயப்படுதுங்களா?” என்றார் சாட்சி.

முற்றத்தைப் பார்த்தேன். மனைவி முழங்காலை ஸ்ரூலில் நீட்டிவைத்து, மலையைப் பார்த்துத் தனக்குள் எதையோ பாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. பழம் தோஷத்தை வாங்கிக்கொண்டு போனதாகவே இருக்கட்டும்.

கொழும்புக்கு வந்ததும் அவள் புதுக்கயிறு கோத்தாள். “இந்த முறை பின்னால கட்டுவம். பின்னால வாறவைதானே கனநேரம் பாத்துக்கொண்டு வருவினம்,” என்றேன். அது சரிதான் என்றாள். ஜப்பான்காரி காலை வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டு அமைதியாக இருந்தாள். முறைப்பாட்டை மீளப்பெறக் கடிதம் எழுத நினைத்தேன். ஆனால் பதில் வராத முறைப்பாட்டை மீளப்பெற ஒன்பதாம் பிரிவில் இடமில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. முதலில் நடைச்சட்டம், பிறகு ஊன்றுகோல், பிறகு என் கை. ஒரு காலை ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் செய்து, ஹாஜியார் வீட்டுக்கு ஒரு சட்டி கொடுத்தனுப்பிவிட்டு, கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகக் கீழே இறங்கினோம். நான் ஸ்ரூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“விடுங்கோ அதை,” என்று சொல்லிவிட்டு, புதிய முழங்காலை மடித்து, ஒரே எட்டில் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். ஹாஜியார் மேலே பல்கனியிலிருந்து கைதட்டினார்.

அப்போது தபால்காரர் வந்தார். பதிவுத்தபால். நான் கையொப்பம் போட்டுக்கொண்டிருக்க, மனைவி கண்ணாடிக்குள்ளால் கையை நீட்டி உறையை வாங்கிக் கிழித்தாள். மூன்று மொழி, மூன்று முத்திரை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பம். கேட்டதெல்லாம் இருந்தது. தமிழில் உரத்து வாசித்தாள்.

“முன்பக்கச் சின்னத்துக்கு முன்னால் பொருள் ஒன்று உள்ளது. தயவுசெய்து அதனை அகற்றவும்.”

திரும்பவும் மனதுக்குள் வாசித்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, பின்பக்கம் தொங்கிய பழத்தைப் பார்த்தாள்.

“பின்னால வாறவையின்ர கண்ணோ?”

நான் ஸ்ரூலைக் கையில் எடுத்தேன்.

“எப்ப தெரியும்?”

“மலையில. ரெண்டாம் நாள்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீர் பாடிக்கொண்டிருந்தனீர்.”

கடிதத்தை மடித்தாள். கோபம் வரும் என்று ஸ்ரூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கத் தொடங்கினாள்.

“இது பதினாலு நாளில வந்திருந்தால், பழத்தைக் கழட்டிப்போட்டு, விதிப்படி என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பியள். வராததாலதான் விதியை உடைச்சுக் கொண்டு போனனீங்கள். பிந்தினது நல்லதாப் போச்சு. அவையளுக்கு ஒரு நன்றிக் கடிதம் போடுங்கோ.”

“எத்தனை பிரதி?”

“வண்டியை எடுங்கோ முதல்.”

ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, கடிதத்தை வாங்கி, வலப்பக்க மேல்மூலையில் வழக்கம்போல் எழுதினேன்: கிடைத்த திகதி, ஆடி மாதம் முதலாம் நாள்.